பத்துக்கு இரண்டு

சண்டிலிப்பாய்
டிசெம்பர் 3

அன்புள்ள தங்கச்சி தக்சாயினிக்கு,

இங்கே நாங்கள் சுகம், வெங்காயம்தான் சுகமில்லை. ஆறு நாள் மழையில் தோட்டம் முழுக்க அழுகிப்போய்விட்டது. வாட்சப்பில் கேட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

நிவாரணம் வருமா, வராதா? எந்தப் பயிருக்கு அரசாங்கம் கொடுக்கக்கூடும் என்று மதிப்பிட்டு மேலிடத்துக்கு எழுதுகிற கந்தோரில் இருப்பவள் நீதானே. உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை அழிந்த தோட்டத்தில் கைவைக்கக் கூடாதாம். திரும்ப நட்டால் நிவாரணப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்களாம். அவர் எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் விதை வெங்காயமோ முளைவிடத் தொடங்கிவிட்டது. இரண்டு கிழமைக்குள் நடாவிட்டால் குப்பைதான். காத்திருந்து நிவாரணமும் வராவிட்டால், குத்தகைக் காணியை விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். என்னோடு கிணறு பங்கு வைத்திருக்கும் நாகலிங்கம் அண்ணைக்கும் இதே பாடுதான்.

உடனே எழுது.

உன் அண்ணை
பிரகலாதன்


கொழும்பு
டிசெம்பர் 7

அன்பு அண்ணைக்கு,

வாட்சப்பில் நான் எழுதுவது நாளைக்கு யாருடைய கைபேசியில் இருக்குமோ தெரியாது. அதுதான் பேசாமல் இருந்தேன், கோபிக்காதீர்கள்.

நெல்லுக்குக் கிடைக்கும். வெங்காயத்துக்குப் பத்துக்கு இரண்டு வாய்ப்புத்தான் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் சின்னத் துண்டுக் காணிகள், அதிலும் பாதி குத்தகை. காத்திருக்காமல் நட்டுவிடுங்கள். ஆனால் இது மதிப்பீடுதான், வாக்குறுதி இல்லை.

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். வெளியே போனால் என் வேலை போய்விடும். மகள் நிவேதனாவின் படிப்பும் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

அன்புடன்
தக்சாயினி


சண்டிலிப்பாய்
டிசெம்பர் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். நேற்று நட்டு முடித்தேன். நாகலிங்கம் அண்ணை நான் கேளாமலே வந்து, நாள் முழுக்கக் கூட நின்று நட்டார். "தங்கச்சி ஏதும் எழுதினவளோ?" என்று ஒருதரம் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப நான் உத்தியோகத்தர் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறன். என்ரை தோட்டம் சும்மாதானே கிடக்குது, என்ரை முறைத் தண்ணியையும் நீ இறை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டு வெயில் எறிக்கிறது. அவருடைய தண்ணீரில்தான் என் வெங்காயம் வேர்விடுகிறது. கிணற்றடியில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அவருடைய விதை இன்னும் ஒரு கிழமை தாங்கும். அவருக்கு மட்டும் சொல்லவா?

உன் அண்ணை
பிரகலாதன்


கொழும்பு
டிசெம்பர் 14

அண்ணை,

வேண்டாம். அவர் மனைவிக்குச் சொல்லுவார், மனைவி சங்கக் கடையில் சொல்லுவா. பத்துக்குப் பத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன கிழமை இங்கே ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் பாட்டை அவர் பார்ப்பார், நீங்கள் என்னைப் பாருங்கள்.

தக்சாயினி


சண்டிலிப்பாய்
ஜனவரி 22

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே நாகலிங்கம் அண்ணைக்குச் சொல்லிவிட்டேன். யார் எழுதியது என்றும் சொன்னேன். அடுத்த நாள் அவரும் நட்டார்.

இப்போது வெங்காயத்துக்கும் நிவாரணம் என்று அறிவித்துவிட்டார்கள். உத்தியோகத்தர் வந்தபோது எங்கள் இரண்டு துண்டும் பச்சையாக நின்றன. ஒழுங்கையில் உள்ள தோட்டக்காரரில் எங்கள் இருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைக்கிறது. உன்னில் பிழை சொல்லமாட்டேன். பத்துக்கு இரண்டு என்றால், அந்த இரண்டும் ஒருநாள் வரும்தானே.

நேற்று கமக்காரர் கூட்டத்தில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் சொல்லி நட்டீர்கள் என்று செயலாளர் டிலக்ஷன் அவரை விடாமல் கேட்டான். அவர் மனைவியும் எல்லாருக்கும் முன்னால் அவரை ஏசினா. அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை விசர்" என்றார்.

மனைவிக்குக்கூட இன்றுவரை அவர் சொல்லவில்லை. அவருக்குத்தான் நீ பத்துக்குப் பத்து என்று எழுதினாய்.

அறுவடைக்கு வா. என் வீட்டுக்கு வருமுன் அவர் வீட்டுக்குப் போ. அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

பிரகலாதன்