பச்சை ரிப்பன் தீர்ந்த இடம்

ஜூலை 8, செவ்வாய்

நாளை இரண்டாம் ஆண்டு உளவியல் வகுப்புக்குத் ‘தப்பெண்ணம்’ ஆரம்பிக்கிறேன். போன வருஷம் வரையறை, வகைகள், காரணங்கள் என்று ஒப்பித்தேன். அவர்களும் அதையே பரீட்சையில் ஒப்பித்துவிட்டு, வெளியே போய் அதையேதான் செய்திருப்பார்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை. சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, நடத்திக் காட்டப் போகிறேன்.

வகுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் பச்சை ரிப்பன், பாதிப் பேருக்கு மஞ்சள். போன வாரம் ஓவியங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டேனே, அந்தப் பதிலை வைத்துப் பிரித்தேன் என்று ஒரு பொய். ஆனால் உண்மையில் சீட்டுக் குலுக்கல்தான். வீட்டிலேயே குலுக்கி, ஒவ்வொருவர் பெயர் போட்ட உறையிலும் ரிப்பன் துண்டைப் போட்டு வைத்தாயிற்று. ஒன்றுமில்லாத காரணத்துக்காகக்கூட மனுஷன் “நாங்கள்”, “அவர்கள்” என்று பிரிந்துகொள்வான் என்று அவர்களே பார்க்கட்டும். கடைசிக் கால் மணி நேரத்தில் உண்மையைச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: “யாருக்குப் பிறந்தநாள்?”

ஜூலை 9, புதன்

உறைகளை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். வகுப்பு வாசலில்தான் ஞாபகம் வந்தது. என்னைப் போல ஒரு மண்டு உண்டா?

கைப்பையில் மிச்ச ரிப்பன் சுருள்கள் கிடந்தன. போகட்டும், யாருக்கு எது போனால் என்ன என்று, ஒரு வெற்றுத்தாளைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதாக நடித்தபடி, ஜன்னல் பக்கத்திலிருந்து பச்சையை வெட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். நடு வரிசையில் ஒரு பெஞ்சில் பச்சை தீர்ந்துவிட்டது. அதில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குப் பச்சை, பக்கத்தில் இருப்பவளுக்கு மஞ்சள். அங்கிருந்து கதவு வரை எல்லாரும் மஞ்சள்.

அந்த இரண்டு பேரை வகுப்பே வானொலி, மௌனி என்றுதான் கூப்பிடுகிறது. அவள் நிறுத்தமாட்டாள், இவள் ஆரம்பிக்கமாட்டாள். சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிப்பிறந்த மாதிரி அலைகிறார்கள். “மேம், நாங்க ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தான் சொன்னோம்” என்றாள் வானொலி. வெற்றுத்தாளை இன்னொரு முறை உற்றுப் பார்த்து, “இல்லையே” என்றேன். எனக்கு நடிப்பு வரும் போலிருக்கிறது.

பிறகு ஆளுக்கு ஒரு சுவரொட்டி செய்து, மற்றவர்களுடையதற்கு மதிப்பெண் போடச் சொன்னேன். பச்சை பச்சைக்கு அள்ளி வீசியது. மஞ்சள் மட்டும் சும்மா இருக்குமா? சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பிலிருந்து புள்ளியியல்காரர் எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தீயணைப்பு ஒத்திகை சங்கு ஊதிவிட்டது. எல்லாரும் மைதானத்துக்கு ஓடினார்கள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 10, வியாழன்

காய்ச்சல்.

ஜூலை 12, சனி

இன்னும் விடவில்லை. ரிப்பன் ஞாபகம் வந்தது. சின்னக் குழந்தைகளா என்ன, கழற்றிப் போட்டிருப்பார்கள்.

ஜூலை 16, புதன்

கழற்றவில்லை.

பையில், பேனாவில், தலைமுடியில் கட்டியிருக்கிறார்கள். கேன்டீனில் பச்சைக்கு ஒரு மூலை, மஞ்சளுக்கு ஒரு மூலை. எப்போதும் தொப்பியோடு திரியும் பையன் (நானும் அவனைத் தொப்பி என்றே எழுதுகிறேன்) அதன் மேலே மஞ்சளைச் சுற்றியிருக்கிறான். வானொலி பச்சைகளின் நடுவே ஜன்னலோரம். மௌனி கதவோரம்.

ஆய்வகம் எங்களுக்கு எப்போது என்று மஞ்சள்கள் சார்பாக எழுந்து கேட்டது யார் என்று நினைக்கிறாய்? மௌனி. கணீரென்ற குரல். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படலாமா? நான் கட்டிய பொய்யில் ஒருத்திக்கு வாய் திறந்திருக்கிறது. அதே பொய்யில் அவள் தோழி போய்விட்டாள். எதைப் பார்ப்பது? இன்றைக்கும் உண்மையைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

சொல்லிவிட்டேன். உறைகளை மறந்தது, வெற்றுத்தாள், தீர்ந்த சுருள், எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. தொப்பிதான் எழுந்தான். “மேம், ஓவியத்தை வச்சுப் பிரிக்கலன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். ஹாஸ்டல், பஸ்ஸுன்னுதானே பிரிச்சீங்க?”

“என்ன பஸ்?”

“ஜன்னல் பக்கம் ஹாஸ்டல்காரங்க. கதவுப் பக்கம் பஸ்ல வர்ற நாங்க. நீங்க தெரிஞ்சுதான் செஞ்சீங்கன்னு நினைச்சோம்.”

எனக்குத் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. பச்சைகளும் நம்பவில்லை. இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான் பொய் சொல்கிறேன் என்பதுதான்.

சாயங்காலம் காலி வகுப்பில் போய் நின்று யோசித்துப் பார்த்தேன். விடுதிக்காரர்கள் சீக்கிரம் வந்து காற்றுள்ள இடத்தைப் பிடிக்கிறார்கள். பஸ்காரர்கள் வேர்த்து விறுவிறுத்துக் கடைசியில் வந்து மிச்சத்தில் உட்கார்கிறார்கள். பாடம் முடியும் முன்பே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். அப்படி ஓடுகிறவர்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், ‘இந்தக் கதவுப் பக்கத்துக்குப் படிப்பில் அக்கறையே இல்லை’ என்று. ஒன்றுமில்லாத பிரிவை உண்டாக்கிக் காட்டத்தானே போனேன்? ஏற்கெனவே இருந்ததன் மேல் கலர் அடித்துவிட்டு வந்திருக்கிறேன். நான் பிரித்தேனா, பிரிந்து கிடந்ததைக் காட்டினேனா? ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

மௌனி வந்தாள். இந்தப் பாடத்தையே விட்டுவிடுகிறாளாம்.

இதற்கு ஆய்வு அறிக்கை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். ஜோடியை ஆரம்பத்திலேயே பதிந்தாயிற்று, மாற்ற முடியாது. அவளுடைய ஜோடி வானொலி. ஜோடி வேண்டாமென்றால் பாடத்தை விட வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான் எழுத முடியும். வானொலிக்கும் அதே கதி.

“ரிப்பன் விளையாட்டும்மா. நான்தான் தப்பு பண்ணினேன். அதுக்காக அவளோட சண்டையா?”

“சண்டை இல்ல மேம். ரிப்பன் இல்ல.” தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள். “பஸ்காரங்க வந்தாலே வேர்வை நாத்தம், பஸ்காரங்களுக்கு நாசூக்கு தெரியாதுன்னு அவ எப்பவும் ஜோக்கடிப்பா. எல்லாரும் சிரிப்பாங்க. உடனே என் தோள்ல கையப் போட்டு, உன்னைச் சொல்லலடி, நீ அவங்க மாதிரி இல்லன்னுவா. எனக்கு அது பெருமையாக்கூட இருந்துச்சு. அவங்க மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான் நான் வாயே திறக்கல. போன வாரம் மஞ்சள் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் உக்காந்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நானும் அவங்கதான்.”

நான் என்ன சொன்னேன்? “யோசிச்சு முடிவெடு” என்றேன். டாக்டர் பட்டம் வாங்கியவள் சொல்கிற வார்த்தை.

ஜூலை 22, செவ்வாய்

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ பற்றவைத்திருக்கிறார்கள்.

“பாடத்த நடத்தச் சொன்னா நாடகம் போட்டிருக்கீங்களாமே. ஒரு பொண்ணு விட்டுட்டுப் போனாலும் அடுத்த வருஷம் இந்தப் பாடம் கிடையாது. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க.”

சரி பண்ணுவது என்றால்? இரண்டு பேரையும் பழையபடி ஒட்டவைப்பதா? பழையபடி என்றால் அவள் மறுபடி வாயை மூடிக்கொள்ள வேண்டுமே.

ஜூலை 24, வியாழன்

இன்று வானொலி. கண் சிவந்திருந்தது.

“நான் அவளச் சொல்லவே இல்ல மேம். சத்தியமா. அவளத் தவிர மத்தவங்களத்தான் சொன்னேன்.”

அதுதானம்மா விஷயம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு மௌனி என்றால் உயிர். சாப்பாட்டில் பாதி, குடையில் பாதி கொடுத்தவள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். பாடப்புத்தகத்தில் தப்பெண்ணம் உள்ளவர்களுக்கு இப்படி மூக்கு ஒழுகுவதில்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன்.

ஜூலை 26, சனி

நாத்தனார் வந்திருந்தாள். என் மேல் பிரியம் உள்ளவள். எனக்குக் காய்ச்சல் வந்ததை இப்போதுதான் கேள்விப்பட்டு, கஞ்சியோடு வந்தாள். அவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. என் தம்பிக்கு இந்தப் பக்கம் வேலை மாற்றலாகி வருகிறது. அதனால் கேட்டேன்.

அவள் கரண்டியை நிறுத்தினாள். “தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்க ஆளுங்கன்னா கொஞ்சம் சத்தமா பேசுவாங்க. எங்க வீட்டுல அது ஒத்துவராது.” உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களச் சொல்லல. நீங்க அப்படி இல்ல.”

கல்யாணமானதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “காபி குடிக்கிறியா?”

ஜூலை 28, திங்கள்

மௌனியைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வதாகத்தான் இருந்தேன். தயார் செய்தும் வைத்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்ததும் அதெல்லாம் பறந்துவிட்டது. நாத்தனார் கதையைச் சொல்லிவிட்டேன். மாணவியிடம் குடும்பக் கதை பேசலாமா? கூடாதுதான். ஆனாலும் பேசிவிட்டேனே.

“நீங்க என்ன சொன்னீங்க மேம்?”

“காபி குடிக்கிறியான்னு கேட்டேன்.”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை திரும்பிப் பார்த்தார்கள்.

போகும்போது, “அவ என்னோட சேர்ந்து செய்யணும்னா, நான் சொல்ற தலைப்புலதான் செய்யணும்” என்றாள். அது அனுமதி கேட்கிற குரல் இல்லை. 

ஜூலை 31, வியாழன்

பாடத்தை விட இன்று கடைசி நாள். அவள் விடவில்லை. ஆனால் வகுப்பில் இரண்டு பேரும் இன்னும் அவரவர் பக்கம்தான். துறைத்தலைவர் “பார்த்தீங்களா, சரியாயிடுச்சு” என்றார். என்ன சரியாயிற்று என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

ஆகஸ்ட் 13, புதன்

அறிக்கை வாசிப்பு. மௌனி தேர்ந்தெடுத்த தலைப்பு: ‘“நீ அவங்க மாதிரி இல்லை” என்று யாரிடம் சொல்கிறோம், ஏன் சொல்கிறோம்’. விடுதியிலும் பஸ்ஸிலும் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விசாரிக்க மௌனி வானொலியைப் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நெரிசலில் வானொலிக்கு வாந்தி வந்துவிட்டதாம். தொப்பிதான் எழுந்து இடம் கொடுத்தானாம்.

வாசித்தது வானொலி. கடகடவென்று போனவள், “நம்ம வகுப்புல பஸ்ல வர்றவங்களப் பத்தி நான் வழக்கமா சொன்னது” என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தாளில் இருந்தது, வாயில் வரவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

“சொல்லு” என்றாள் மௌனி. “என்னையும் சேத்தே சொல்லு.”

வானொலி வாசித்தாள். வேர்வை, நாசூக்கு, எல்லாம். அவள் குரல் இவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. கதவுப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்துகொண்டது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மதிப்பெண் தாளைப் பார்த்தேன்.

முடிந்ததும் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மௌனி ஓடினாள். இந்தத் தடவை நான் திட்டவில்லை. வானொலி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். “அவ இனிமே பேசுவாளா மேம்?” என்றாள். தெரியாதும்மா என்றேன். உண்மையிலேயே தெரியாது.

ஆகஸ்ட் 16, சனி

நாத்தனார் வந்தாள். மாடிக்கு ஆள் வந்தாயிற்றாம். “ரொம்ப அமைதியான குடும்பம் அண்ணி. இருக்கிற இடமே தெரியல. நல்லவேளை, உங்க ஆளுங்க...” என்று ஆரம்பித்து, வழக்கம்போல என் கையைப் பிடிக்க வந்தாள். “உங்களச் சொல்...”

“என்னையும்தான் சொல்ற” என்றேன். “எங்க ஆளுங்கன்னா நானும்தான். நானும் சத்தமாத்தான் பேசுவேன். எங்க அம்மா வீட்டுல தெருமுனை வரைக்கும் கேக்கும். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து மெதுவா பேசிட்டிருக்கேன், அவ்வளவுதான்.”

கோபப்பட்டுச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், குரல் எங்கேயோ உயர்ந்து போயிருந்தது. அவள் கை பாதியில் நின்றது. காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, “வர்றேன் அண்ணி” என்றாள். மறுபடி வருவாளா, முகத்தைத் தூக்கிக்கொள்வாளா என்று தெரியவில்லை. வராவிட்டால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அவர் உள் அறையிலிருந்து வந்து வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ இவ்வளவு சத்தமா பேசுவியா?”

“பேசுவேன்” என்றேன்.