வலைக்கு வெளியே கிடந்த பந்து

குருநகர்,
மே 3.

அன்புள்ள மச்சான் லெனாட்டுக்கு, கிறிஸ்துநாயகம் எழுதுவது. யாகப்பர் துணையால் இங்கே எல்லோரும் சுகம். நோர்வேயில் நீயும் என் தங்கை சின்னத்தங்கமும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

இது என் கையெழுத்துத்தான், நம்பு. பங்கு மண்டபத்து மாலை வகுப்பில் நாலு மாதம் இருந்து, எழுபத்தோராம் வயதில் எழுத்தைப் பிடித்துவிட்டேன். 'ஞ' எழுதும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது. மருமகள் ஜெயனி எட்டிப் பார்த்து, "மாமா, பேனையை உப்பிடி ஊண்டாதேங்கோ, மேசையிலையும் எழுதுப்படப் போகுது" என்று சிரித்தாள். இதுவரை எழுதவே இரண்டு பின்னேரம் போய்விட்டது. கடைப் பலகைகளை எல்லாம் நின்று வாசிப்பதால் சந்தைக்கும் பிந்தித்தான் போகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

மகன் எமில்ராஜ் படகுக்குப் புது இயந்திரம் பூட்டிவிட்டான். இறால் பரவாயில்லை. என் முழங்கால்தான் சரியில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருநாள் உதைபந்தாட்டத்துக்கு எங்கள் பொடியள் நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். எழுபத்தெட்டாம் ஆண்டு உங்கள் பங்கு அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோமே, அதைப்பற்றிக் கோல் காத்த என்னை எழுதித் தரச் சொன்னார்கள்.

அன்று கடைசி நிமிடத்தில் நீ பெனால்டி அடித்தாய். மழை ஈரத்தில் வழுக்கி விழுந்ததால் பந்து போன இடத்தை நீ காணவில்லை. பந்து வலைக்கு வெளியே கிடந்தது. எங்கள் சனம் "வெளியாலை! வெளியாலை!" என்று கத்த, நடுவரும் அப்படியே ஊதினார். அன்றிலிருந்து உனக்கு 'வெளியாலை லெனாட்' என்று பட்டம். கலியாண வீட்டிலும் என் தங்கையிடம், "பிள்ளை, மாப்பிள்ளை தாலியையாவது நேரா கட்டுவாரோ?" என்று கேட்டார்கள். நீயும் சிரித்தாய்.

மச்சான், அது கோல்.

அந்தக் கோலுக்குக் கட்டியது எங்கள் மீன் வலை. இரவு தொழிலுக்கு அதே வலை வேண்டும். கெதியாகக் கழற்றலாம் என்று, இழுத்தால் அவிழும் முடிச்சுத்தான் கம்பத்தில் போட்டிருந்தேன். உன் பந்து என் விரலில் உரசிக் கம்பத்துக்கு உள்ளே போனது. போன வேகத்தில் முடிச்சு அவிழ, அந்த இடைவெளியால் பந்து வெளியே ஓடியது. நீ சேற்றிலிருந்து எழும்ப முன் நான் முடிச்சைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இவ்வளவு காலம் உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. தொலைபேசியில் பக்கத்திலேயே சின்னத்தங்கம் இருப்பாள். இதை யாரைக் கொண்டு எழுதுவிக்க?

மலருக்கும் இதையே எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. நீ முதலில் அறியவேண்டும். யூன் கடைசிவரை தவணை உண்டு. இங்கே என்னைச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீ என்ன சொல்வாய் என்பதுதான் எனக்கு நித்திரை இல்லாமல் செய்கிறது.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. ஏசுவதென்றால் தொலைபேசியில் வேண்டாம். எழுதி ஏசு, மச்சான். எத்தனை பக்கமென்றாலும் நானே வாசிப்பேன்.

உன் மச்சான்,
கிறிஸ்துநாயகம்