பென்சிலில் எழுதிய மருந்து

ஜூலை 9, புதன்

முத்துமாரியம்மாளின் வலது கையில் தோல் ஒட்டி இன்று ஐந்தாம் நாள். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் கருகிய கை. "விரலு நிமிந்துருமா மேடம்? சீசன் வருதுல்ல" என்றாள். நிமிர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். ஒரு பார்மசிஸ்டுக்கு இவ்வளவு வாய் எதற்கு?

ஜூலை 11, வெள்ளி

மாரியின் புண்ணில் என்ன கிருமி என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. இப்போது ஏற்றும் ஆன்டிபயாட்டிக்குக்கு அந்தக் கிருமி அசையவே அசையாது. எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதும் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் பேனா டாக்டருக்குத்தான். பார்மசிஸ்ட் கருத்து பென்சிலில். எழுதி வைத்துவிட்டு வார்டு சிஸ்டர் ஞானசுந்தரி அக்காவிடம் சொன்னேன்.

"சர்ஜன் ரவுண்ட்ஸ் வரட்டும் ஷாஹிதா. நாம போன் போட்டா, எனக்கே பாடம் நடத்துறீகளான்னு வள்ளுன்னு விழுவாக."

சரி என்று வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

சர்ஜன் மதுரையில் ஒரு கல்யாணத்தில். டியூட்டி டாக்டர், "அவர் எழுதுன மருந்தை நான் எப்படி மாத்த?" என்கிறார். மாரிக்குக் காய்ச்சல் 102.

ஜூலை 13, ஞாயிறு

லீவு. மூன்று முறை போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

சர்ஜன் என் பென்சில் எழுத்தைப் படித்தார். அந்த நிமிஷமே மருந்தை மாற்றினார். ஆனால் ஒட்டிய தோல் கழன்று, விரல்கள் கறுத்துவிட்டன.

"என் நம்பர் உங்ககிட்ட இல்லையாம்மா?"

திட்டியிருந்தால் தேவலை. இருந்துச்சே! விழுந்தா விழட்டும்னு போட்டிருக்கக் கூடாதா? ஐயோ, எதுக்கு அம்புட்டு பயம் எனக்கு?

ஜூலை 19, சனி

மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றிலிருந்து சர்ஜன், அக்கா, லேப்காரர், நான் — நால்வரும் சேர்ந்தே ரவுண்ட்ஸ். ரிப்போர்ட் வந்தால் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று சர்ஜனே சொல்லிவிட்டார். அக்கா மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

செப்டம்பர் 3, புதன்

வயிற்று ஆபரேஷன் முடிந்த செந்தூர்பாண்டிக்கு முந்தாநாள் ரிப்போர்ட் வந்ததும் சர்ஜனுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் புது மருந்து ஏறியது. இன்று வராந்தாவில் மெல்ல நடக்கிறார்.

கட்டு மாற்ற வந்த மாரி அவரிடம், "காய்ச்சல் விட்டிருச்சாண்ணே? இங்கன நல்லாப் பாப்பாக, பயப்படாதீக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கிச் சிரித்தாள்.

அந்த மூன்று நாளைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான்.