சும்மா இருக்கும்போதும் சூடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

குழந்தைகள் நலம். பட்டறைக் கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீ வேலைக்கென்று கடல் தாண்டும்போது பட்டறையை அண்ணியின் தம்பியிடம் விட்டுப் போனாய். உன் பெயரைச் சொல்லி அவர் விற்ற கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர் ஒன்று திரும்பி வந்தது. வாங்கியவர் வயலின் டீச்சர். மெல்லிசாக வாசிக்கிற இடமெல்லாம் சளி கட்டிய தொண்டைபோலக் கரகரக்கிறது என்றார். நம் பெரிய மனிதர், வயசாச்சில்ல டீச்சர், டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் அதை நம்பி, பாடம் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பெட்டியைத் திறந்தேன். நீ சொல்லிக்கொடுத்ததை உனக்கே எழுதுகிறேன். பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டரை முழு விழிப்பில் வைக்கும் மின்னோட்டம்தான் பயாஸ். கிளாஸ் ஏ சும்மா இருக்கும்போதே சுடுவது அதனால்தான். இதில் பயாஸே இல்லை. வெறும் கிளாஸ் பி! பாதி அலையை ஒரு டிரான்சிஸ்டர், மீதியை இன்னொன்று தள்ளுகிறது. கைமாறும் இடத்தில் இரண்டுமே தூங்குகின்றன. கரகரப்பு அங்கேதான். கொஞ்சம் பயாஸ் கொடுத்து, இரண்டுக்கும் நடுவான ஏபி என்று சொல்லி விற்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பிறகு இந்தப் பெட்டிக்குச் சூடு எப்படி வந்தது? சூட்டை வெளியே விடும் ஹீட் சிங்க்குக்கு அடியில் ஒரு பெரிய ரெசிஸ்டரை ஒட்டித் தனியாக மின்சாரம் கொடுத்திருக்கிறார். ஒலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாங்க வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து மெச்சுவதற்கு ஓர் அடுப்பு. சீ!

கேட்டால் கூசாமல் சிரிக்கிறார். உங்கண்ணன் கத்துக்குடுத்ததுதானே என்கிறார். காறித் துப்பாத குறைதான்.

பயாஸ் கொடுத்துச் சரிசெய்து டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உங்கள் காது சொன்னதுதான் சரி என்றேன். என் மனசு நோகாமல் பேசுறே என்று முதுகைத் தட்டினார். சுவிட்சைப் போடவே விடவில்லை. உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் நம்புவார்.

என் கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டு ஓடவில்லை. தொட்டேன், சுடுகிறது. பயாஸ் சூடா, அடுப்புச் சூடா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

நீ எழுதும்வரை திறக்க மாட்டேன். சீக்கிரம் எழுது அண்ணா.

உன் தங்கை