மௌன ஜெபத்தில் வெளியான நம் ஈரல் ரகசியம்

மைனி,

இன்றைக்குச் சாயங்காலம் முற்றத்தில் பத்தாவது சுற்று நடக்கும்போது மேலத்து வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கு வேகும் மணம் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. "நிக்காத பிள்ளே, மணம் மோந்தாலே கொழுப்பு வைக்கும்" என்று பின்னாலிருந்து நீங்கள் அதட்டுவது போலவே இருந்தது. சிரித்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதட்டல் மட்டும் இன்னும் போகவில்லை.

கொரோனா வந்து ஊரே வீட்டுக்குள் கிடந்த காலம். வயிற்றில் என்னவோ கனம் என்று காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் கூடவே அலைந்த நீங்கள்தான் துணை. "வந்தது வந்தாச்சு, நானும் எடுக்கேன்" என்று நீங்களும் போய்ப் படுத்தீர்கள். இரண்டு பேருக்கும் ஈரலில் கொழுப்பு. உங்களுக்கு ஒன்றாம் கிரேடு, எனக்கு இரண்டு. தினமும் வேர்க்க நடக்க வேண்டும், கிழங்கையும் சோற்றையும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

நான் அழுதது நோய்க்காக இல்லை. நம் சபைக்காரர்களுக்கு ஈரல் என்றாலே சாராயம்தான். மகளுக்குப் பாலராமபுரத்திலிருந்து நல்ல கல்யாண ஆலோசனை வந்து பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெண்ணின் அம்மாவுக்கு ஈரல் கேடு என்று ஒரு வார்த்தை போனால் போதும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கினேன். "எனக்க வாயைப் பற்றி ஒனக்குத் தெரியாதா பிள்ளே?" என்றீர்கள். தெரிந்துதானே வாங்கினேன்!

ரோட்டில் இறங்கினால் போலீஸ் விரட்டும். அதனால் அடுத்தடுத்து இருந்த நம் இரண்டு வீட்டையும் சுற்றி நடந்தோம். கிணறு, மாட்டுத் தொழுவம், ரப்பர் ஷீட் காயும் கொடி, மறுபடியும் கிணறு. நைட்டியும் தோளில் துண்டுமாக நீங்கள் முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னால். நான் நின்றால் தென்னமட்டையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். ஒரு மாதத்தில் என் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோது நாம் சிரித்த சிரிப்புக்கு அண்ணன் பதறி ஓடி வந்தார்.

பெண்கள் ஐக்கிய ஜெபம் அப்போது போனில்தான். நாலைந்து சபைகளின் பெண்கள் சேர்ந்து வருவார்கள்; மாப்பிள்ளைப் பையனின் அம்மா, அந்தப் பாலராமபுரத்து அம்மாவும் உண்டு. நம் நடைக்கும் அதே ஐந்து மணி. இரண்டையும் விட மனமில்லாமல் நீங்கள் போனை நைட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். உள்ளே உரசி மைக் திறந்துகொண்டது யாருக்குத் தெரியும்? அதுவும் எந்த நேரத்தில்! மௌன ஜெபம். அத்தனை வீட்டிலும் ஒரு இருமல்கூட இல்லை.

"வேகமா நட பிள்ளே! ஒனக்க ஈரல்ல ரெண்டாம் கிரேடு கொழுப்பாக்கும். மத்தியானம் மூணு வாட்டி மரச்சீனி வாங்கித் தின்னத நான் கண்டேன்!"

"மெதுவாப் பேசுங்க மைனி! பாலராமபுரத்து அம்மை அறிஞ்சா கல்யாணம் நடக்குமா?"

"அவளுக்க ஈரலை ஆரு கண்டா? அவளுக்கும் ஒடம்பு நல்ல கனம் உண்டு!"

பாக்கெட்டுக்குள்ளிருந்து ஐக்கியத் தலைவியம்மாவின் குரல் அவசர அவசரமாக "ஆமென்" என்றது.

முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதேன். "பிள்ளைக்க வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியளே!" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நீங்கள் தென்னமட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தீர்கள். உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அரை மணி கழித்து என் போன் அடித்தது. அந்த அம்மாதான். நான் எடுக்கப் பயந்திருக்க, நீங்கள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டீர்கள். "பேசினது நானாக்கும் அம்மா. அவளைக் குத்தம் சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு. "எனக்கும் உண்டு அம்மா. ரெண்டு வருஷமா ஆருட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். நீங்க தெனமும் எத்தன சுத்து நடப்பிய?"

அப்புறம் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். அதிலிருந்து ஜெபம் முடிந்ததும் அரை மணி நேரம் அவரவர் முற்றத்தில் எல்லோரும் நடந்தோம், நீங்கள் போனில் எல்லோரையும் விரட்டினீர்கள். மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா இரண்டாவது முறை பாயசம் கேட்டபோது, பரிமாறியவரின் கையையே பிடித்து நிறுத்தினீர்களே! மாப்பிள்ளைகூட விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஸ்கேனில் எனக்கு ஒன்றாம் கிரேடாக இறங்கியிருந்தது. உங்களைக் கொண்டுபோனது ஈரல் இல்லை, தூக்கத்தில் சொல்லாமல் நின்ற இதயம். உங்களை ஒரு வார்த்தை அதட்டக்கூட விடாமல் நின்றதே என்று எனக்கு அதன் மேல் கோபம்.

போன வாரம் மறுபடி ஸ்கேனுக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி ரிப்போர்ட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். "என்ன மக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லயை எனக்குத் தெரியாதா? அங்கே இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, உங்கள் குரலிலேயே சொன்னேன் மைனி: "எனக்கு ஈரல்ல கொழுப்பு உண்டு. குடிச்சு வந்ததில்ல, இருந்து தின்னு வந்ததாக்கும்!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மெல்ல ரிப்போர்ட்டை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள்.