மாப் என்றால் யார்?

லாய்டு,

அடுப்பில் ஆட்டுத்தொடை வேகிறது, ஆறு மணிக்கு அணைத்துவிடு.

நேற்று நீ பக்கத்துப் பண்ணைக் கீத்திடம் ஃபோனில், "அந்த மாப் ஞாயித்துக்கிழமைக்குள்ள கிளம்பிடணும்ப்பா, தீனி போட்டுக் கட்டுப்படியாகல" என்றாய். நம் பக்கத்தில் ஆட்டு மந்தையும் மாப், கங்காருக் கூட்டமும் மாப், பெண்டாட்டி வீட்டாரும் மாப். என் தங்கை ஜானிஸ் நான்கு பிள்ளைகளோடு வந்து மூன்று வாரமாகிறது. கேட்டதற்கு, "ஆட்டைத்தான் சொன்னேன்" என்றாய். நான் நம்பவில்லை. கீத்தின் மனைவியை விசாரித்தேன். "ஆடு விக்கிறாரா? எங்க வீட்ல அப்படிப் பேச்சே இல்லையே" என்று சிரித்தாள். ஜானிஸ் பெட்டி கட்டிவிட்டாள். அவர்களை டப்போவில் அம்மா வீட்டில் விடப் போகிறேன். நானும் அங்கேயே இருந்தாலும் இருப்பேன்.

மாரீன்

பி.கு.: இப்போதுதான் லாரி வந்தது. "கிழட்டு ஆடு அறுபது ஏத்தணும்னு லாய்டு சொன்னார்" என்கிறான் டிரைவர். நீ சொன்னது நிஜம்தான். ஜானிஸ் பெட்டியைப் பிரிக்கிறாள். நான் டிரைவரோடு பட்டிக்குப் போகிறேன்.

இந்தச் சீட்டைக் கிழிக்க மனம் வரவில்லை. கீத்திடம் அப்படிப் பேசும்போது ஜானிஸ், பிள்ளைகள் நினைப்பு உனக்கு வரவே இல்லை என்று, அவள் இல்லாத நேரத்தில், என் கண்ணைப் பார்த்துச் சொல்.