விட்டுப்போன வரி

ராசா,

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வராதே. உன் மகளுக்கு வேலை போகவில்லை!

தை மூன்றாம் தேதி என் வீட்டு வாசலில் நின்று, "பொட்டி தட்டுதது ஒரு பொழப்பா? இந்த வேலையும் போச்சுன்னா நான் சொல்லுத எடத்துல கழுத்த நீட்டணும்" என்று அவளிடம் சொன்னாய். எழுத்து மாறாமல் மனசில் வைத்திருக்கிறேன்.

பஸ் டிக்கெட் விற்கிற புரோகிராமை இன்று மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் வேலை இல்லை என்று அவள் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். நேற்று அவள் லேப்டாப், அப்டேட் என்று தானாகவே அணைந்து, எழுதியதில் பாதியை விழுங்கிவிட்டது. அழுத்தின பொத்தான் எழும்பாத கீபோர்டில் விடிய விடிய மறுபடி எழுதினாள். ஓட்டிப் பார்த்தால் ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்கிறது!

தப்புக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரியையும் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவது அவள் வழக்கம். இன்றும் வாசித்தாள். நான் பாதியில் நிறுத்தினேன்.

"ஏட்டி, 'சீட்டு வித்தாச்சுன்னா நிறுத்து'ன்னு நேத்து ஒரு வரி வாசிச்சியே. அது எங்கன?"

"ஐயோ ஆச்சி! அதை எழுதவே இல்லையே!"

அதைச் சேர்த்ததும் சரியாக ஓடியது. "விஜிதா, நீங்க வேலையில தொடருங்க" என்று மேனேஜரே போன் போட்டார். அடுக்களையில் இரண்டு பேரும் ஆடித் தீர்த்தோம்.

அவள் உன் பேரை எடுப்பதில்லை. உன் போன் வந்தால் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

ஞாயிறு நீ மட்டும் வா. இலை போட்டிருப்பேன். முதலில் அவளிடம் பேசு, அப்புறம் உட்கார்.

இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா